மேட்ச்சில் சர்வீஸ் எடுக்க முடியாத பெண்கள் அணி: பயிற்சியை எங்கே மாற்றுவது?

புது_கோச்
உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் வாலிபால் அணி ஒன்றுக்கு இந்த ஆண்டு முதல் நான் கோச். மொத்தம் 14 பேர், வயது 13 முதல் 16 வரை. வாரத்துக்கு 3 மாலை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம், கையில் இருப்பது ஒரே கோர்ட். நான் கல்லூரி வரை ஸ்மாஷராக ஆடியவன். அதனால் அப்ரோச், ஜம்ப், கை வீச்சு எல்லாம் நன்றாகச் சொல்லித்தர முடிகிறது, பிள்ளைகளும் ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

பிரச்சினை மேட்ச்சில்தான். பயிற்சியில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று அண்டர்ஹேண்டில், அதாவது முன்கைகளைச் சேர்த்துத் தட்டி, முப்பது நாற்பது முறை பந்தைக் கீழே விடாமல் ஆடுகிறார்கள். அதே பிள்ளைகள் மேட்ச்சில் எதிரணி சர்வீஸ் வந்தால் நின்றுவிடுகிறார்கள். இரண்டு பேருக்கு நடுவில் பந்து விழுகிறது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். எடுத்தாலும் பந்து செட்டர் பக்கம் (ஸ்மாஷ் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்) போவதில்லை. ஸ்மாஷ் அடிக்க வாய்ப்பே வராமல் செட் முடிந்துவிடுகிறது.

இந்த வயதுக்கு 5-1 ஆட்டமா (ஒரே செட்டர்), 6-2 ஆட்டமா (இரண்டு செட்டர்)? ஒன்றரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடும் தனி ஆட்டக்காரி) வைக்கலாமா? நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, முழுவதும் படிப்பேன்.

செட்டர்_அக்கா
தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. 5-1, 6-2 எல்லாம் முதல் பாஸ், அதாவது சர்வீஸை எடுத்து செட்டருக்கு அனுப்பும் பந்து, ஒழுங்காக வந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம். இந்த வயதுப் பெண்கள் ஆட்டத்தில் செட்டைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: ஒன்று நம் சர்வீஸ், இன்னொன்று எதிரணி சர்வீஸை நாம் எடுக்கும் விதம். ஸ்மாஷ் மூன்றாவது. வலுவான தேசிய அணிகளில் சர்வீஸ் எடுக்கும் அணிதான் பெரும்பாலும் அந்த ராலியை ஜெயிக்கும், ஏனென்றால் அவர்களுக்கு பாஸ், செட், ஸ்மாஷ் மூன்றும் ஒழுங்காக வரும். பள்ளி அளவில் அந்த மூன்றும் வரிசையாகச் சரியாக அமைவது அரிது, அதனால் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் லாபம். இதை ஒப்புக்கொண்டு பயிற்சியை அமைத்தாலே உங்கள் அணி வேறு அணியாகிவிடும்.

இப்போது அந்த ஜோடிப் பயிற்சி விஷயம். இரண்டு பேர் நாலைந்து மீட்டர் இடைவெளியில் நின்று தட்டும்போது பந்து எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திரும்பிப் போகிறது. வேகம் தெரியும், உயரம் தெரியும், யாருடைய பந்து என்ற கேள்வியே இல்லை. மேட்ச்சில் பந்து எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கோட்டிலிருந்து கிளம்பி 2.24 மீட்டர் நெட்டைத் தாண்டி, ஒரு வளைவில் இறங்கி வருகிறது, சுழலாத ஃப்ளோட் சர்வீஸாக இருந்தால் கடைசி நேரத்தில் அசையவும் செய்யும். அதை வந்த திசையில் திருப்பி அனுப்பக் கூடாது, பக்கவாட்டில் செட்டருக்குத் திருப்ப வேண்டும். நடுவில் இது என் பந்தா அவள் பந்தா என்று முடிவு வேறு எடுக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றுகூட ஜோடிப் பயிற்சியில் இல்லை. அவர்கள் கற்றுக்கொண்டதை நன்றாகவே கற்றிருக்கிறார்கள், ஆனால் மேட்ச்சில் கேட்கப்படுவது வேறு.

நான் செய்வது இது. நெட்டுக்கு ஒரு பக்கம் 3 பேர் சர்வீஸ் எடுக்க, ஒருத்தி செட்டர் இடத்தில், 2 பேர் முன்வரிசையில் அடிக்கத் தயாராக. மறுபக்கம் 4 பேர் சர்வீஸ் போட. மீதி 4 பேரில் 2 பேர் பந்து பொறுக்க, ஒருத்தி நோட்டில் குறிக்க, ஒருத்தி அடுத்த முறைக்குத் தயாராக. 14 பேருக்கும் வேலை. பாஸுக்கு மதிப்பெண் உண்டு: செட்டர் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கலாம் என்றால் 3, இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால் 2, எப்படியோ ஒரு உயரப் பந்து போடலாம் என்றால் 1, பந்து செத்தால் 0. பாஸ் 2 அல்லது 3 ஆனால் எடுக்கும் பக்கத்துக்கு ஒரு பாயிண்ட். 0 அல்லது 1 ஆனால் சர்வீஸ் பக்கத்துக்கு. சர்வீஸ் நெட்டிலோ வெளியிலோ போனாலும் எடுக்கும் பக்கத்துக்குத்தான். 15 பாயிண்டுக்கு ஆடி, இடம் மாறி மறுபடி.

இதில் சர்வீஸ், பாஸ், செட், அடி நான்கும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் குறைந்தது 35 நிமிடம் இதற்குக் கொடுங்கள். வார்ம்-அப் 15 நிமிடம், ஸ்மாஷ் 20 நிமிடம், மீதி ஆறுக்கு ஆறு ஆட்டம். ஸ்மாஷ் பயிற்சியும் நீங்கள் கையால் தூக்கிப் போடுகிற பந்தில் வேண்டாம், ஒருத்தி எடுத்த பாஸிலிருந்து செட்டர் போட்ட பந்தில் அடிக்கட்டும். அழகாக இருக்காது, பாதிப் பந்து வீணாகும். பரவாயில்லை, மேட்ச்சிலும் அப்படித்தானே வரும்.

பின்வரிசை
அக்கா சொன்னதோடு ஒரு நுணுக்கம். பாஸ் எங்கே போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், "செட்டர்கிட்ட" என்பார்கள். செட்டர் நெட்டை ஒட்டி நிற்பதால் எல்லோரும் நெட்டை ஒட்டியே தட்டுவார்கள், அதில் பாதி நெட்டைத் தாண்டிப் போய்விடும். பாஸிலேயே மோசமானது அதுதான். எதிரணி முன்வரிசைப் பெண் நின்ற இடத்திலேயே அடித்துவிடுவாள். பள்ளி அணிக்கு நெட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உள்ளே, 2ஆம் இடத்துக்கும் (முன்வரிசை வலப்பக்கம்) 3ஆம் இடத்துக்கும் (முன்வரிசை நடு) நடுவே, நல்ல உயரத்தில் என்று குறி வையுங்கள். தரையில் அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பந்து உயரமாக இருந்தால் செட்டருக்கு நகர நேரம் கிடைக்கும்.

கை விஷயத்தில் ஒன்றே ஒன்று: கையை வீச வேண்டாம். இரண்டு முன்கைகளும் சேர்ந்து ஒரு பலகை, அந்தப் பலகையின் சாய்வுதான் பந்தின் திசை. சர்வீஸ் வேகமாக வந்தால் பலகையைக் காட்டினாலே போதும், மெதுவாக வந்தால் காலிலிருந்து கொஞ்சம் எழுந்தால் போதும். பிள்ளைகள் பதற்றத்தில் கையை மேலே வீசுவார்கள், பந்து பின்னால் பறக்கும். "வீசாதே" என்று கத்துவதைவிட, பந்தைத் தொட்ட பிறகு கையை அப்படியே ஒரு நொடி நிறுத்திக்காட்டு என்று சொன்னால் தானாகச் சரியாகும்.

பழைய_ஸ்மாஷர்
மதிப்பெண், விளையாட்டு என்று பயிற்சியை வேடிக்கையாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடிப்படை என்பது திரும்பத் திரும்பச் செய்வதில்தான் வரும். ஒரு நாளைக்கு ஒரு பெண் 100 பந்து எடுக்கட்டும், கோச்சே அடித்துக் கொடுக்கட்டும், தவறினால் கோர்ட்டைச் சுற்றி ஓடட்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் வாலிபால் முதல்முறையாகச் சேர்ந்தபோது தங்கம் வாங்கியது ஜப்பான். அவர்களுடைய கோச் டைமாட்சு ஹிரோபுமி எப்படிப் பயிற்சி கொடுத்தார் என்று தெரியுமா? நள்ளிரவு தாண்டியும் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார், பெண்கள் உருண்டு உருண்டு எடுப்பார்கள். அந்த உருண்டு எடுக்கும் முறையே அங்கிருந்துதான் உலகத்துக்குப் பரவியது. கண்டிப்பு இல்லாமல் எதுவும் வராது.

செட்டர்_அக்கா
சார், அந்த அணி மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் யார்? அணியில் பெரும்பாலானோர் ஒரு ஜவுளி நிறுவனத்தில் வேலை பார்த்த வயது வந்த பெண்கள், 1962இலேயே உலகச் சாம்பியன்கள். பகலில் வேலை, மாலையிலிருந்து பயிற்சி, அதுதான் அவர்கள் வாழ்க்கை. நம் முன்னால் நிற்பவள் 14 வயதுப் பெண், மறுநாள் கணக்குப் பரீட்சை. வாரத்துக்கு நாலரை மணி நேரம்தான் அவளை நமக்குத் தருகிறார்கள். அந்த அணியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உருண்டு எடுக்கும் முறை. நள்ளிரவை அங்கேயே விட்டுவிடலாம்.

திரும்பத் திரும்பச் செய்வதை நான் மறுக்கவில்லை, எதைத் திரும்பச் செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையை வேகமாக நகர்த்திச் சிறு மரத் தடுப்புகளைத் தட்டிவிடும் வேலை, அதில் சில வகைகள். ஒரு குழு ஒரே வகையை முடித்துவிட்டுத்தான் அடுத்த வகைக்குப் போனது, இன்னொரு குழு கலந்து கலந்து செய்தது. பயிற்சி நடக்கும்போது முதல் குழு வேகம். பிறகு சோதித்துப் பார்த்தால் கலந்து செய்தவர்களுக்குத்தான் நன்றாக நினைவில் நின்றது. ஜோடியாக நாற்பது முறை தட்டுவதும் மேட்ச்சில் விழிப்பதும் இதனால்தான் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கின்றன. கோச் 100 பந்து அடித்துக் கொடுத்தால் அவள் கோச்சின் கையைப் படிக்கக் கற்றுக்கொள்வாள். எதிரணிப் பெண் சர்வீஸ் போடும் கையை அவள் எப்போது படிப்பாள்?

அப்புறம் ஓட விடுவது. தவறினால் ஓட்டம் என்று வைத்த அணியில் பிள்ளைகள் பந்து பக்கமே போக மாட்டார்கள். போகாமல் இருந்தால் அவள் தவறவில்லை, பக்கத்தில் இருந்தவள் தவறியதாக ஆகிவிடும் இல்லையா. நடுவில் விழும் பந்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பழைய_ஸ்மாஷர்
ஓட்டம் பற்றிச் சொன்னது யோசிக்க வேண்டியதுதான். ஆனால் முதல் மாதம் புதிதாக வரும் பிள்ளைக்குக் கை வடிவம் வரும்வரை தனியாக, எளிதான பந்தில், திரும்பத் திரும்பத்தான் கொடுக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. மேட்ச் மாதிரி சர்வீஸை முதல் நாளே முகத்துக்கு நேரே போட்டால் பயந்துவிடுவாள்.

பின்வரிசை
அதில் சாருடன் சேர்கிறேன். பயந்த பிள்ளை கண்ணை மூடும், கண்ணை மூடினால் எதையும் கற்றுக்கொள்ளாது. புதியவர்களுக்கு நெட்டுக்கு மறுபக்கத்திலிருந்து, 3 மீட்டர் கோட்டில் நின்று, கையால் வீசிப் போடுங்கள். பந்து நெட்டுக்கு மேலே வருவது மட்டும் மாறக் கூடாது. வாரா வாரம் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் சர்வீஸ் தூரம் வந்துவிடும்.

விசில்
நான் பள்ளிப் போட்டிகளில் நடுவர். புது கோச் கேட்டதில் விதி சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

லிபரோ: சர்வதேச ஆட்டத்தில் 1998இல் வந்த விதி. பின்வரிசையில் யாருக்குப் பதிலாகவும் உள்ளே வரலாம், அது சப்ஸ்டிட்யூஷன் கணக்கில் சேராது. பிளாக்குக்கு (நெட் அருகே கையை உயர்த்தி எதிரணி அடியைத் தடுப்பது) போகக் கூடாது, நெட்டுக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது, முன்மண்டலத்தில் (நெட்டுக்கும் 3 மீட்டர் கோட்டுக்கும் இடையில்) நின்று விரல்களால் தூக்கிக் கொடுத்த பந்தை இன்னொருத்தி நெட்டுக்கு மேலே அடித்தாலும் தவறு. சர்வதேச விதிப்படி சர்வீஸும் போடக் கூடாது, ஆனால் சில பள்ளிப் போட்டி விதிகளில் அனுமதி உண்டு. அதனால் நீங்கள் ஆடும் போட்டியின் விதியை முதலில் வாங்கிப் படியுங்கள்.

பள்ளி ஆட்டத்தில் நான் அதிகம் விசில் ஊதுவது ரொட்டேஷன் தவறுக்கு, அதாவது சுற்றி இடம் மாறும் வரிசை தவறுவதற்கு. எதிரணி சர்வீஸை அடிக்கும் கணத்தில் எடுக்கும் அணி வரிசையில் இருக்க வேண்டும். முன்வரிசைப் பெண் தனக்கு நேர் பின்னால் இருக்க வேண்டியவளுக்கு முன்னால், ஒரே வரிசையில் இடப்பக்கத்தவள் நடுவில் இருப்பவளுக்கு இடப்பக்கம், வலப்பக்கத்தவள் வலப்பக்கம். குறுக்கே இருப்பவர்களுக்குள் ஒப்பீடு இல்லை. இந்த ஒரு வரி புரியாமல் எத்தனையோ அணி பாயிண்டைக் கொடுத்துவிடுகிறது. 6 ரொட்டேஷனுக்கும் 6 படம் வரைந்து பிள்ளைகளையே விளக்கச் சொல்லுங்கள், யாருக்குப் புரியவில்லை என்று உடனே தெரியும்.

புது_கோச்
எல்லோருக்கும் நன்றி. அக்கா, அப்போது எந்த ஆட்ட முறையில் போவது என்பதையும் சொல்லிவிடுங்கள். என்னிடம் ஒரு பெண் நன்றாகத் தூக்குவாள், இன்னொருத்தி சுமார். உயரமான 13 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளை நடு பிளாக்கராக நிறுத்திவிட்டு பின்வரிசைக்கு வரும்போதெல்லாம் லிபரோவை இறக்கலாம் என்று நினைத்தேன்.

செட்டர்_அக்கா
4-2இல் ஆரம்பியுங்கள். இரண்டு செட்டர்கள் எதிரெதிர் இடத்தில், யார் முன்வரிசையில் இருக்கிறாளோ அவள் தூக்குவாள். அடிக்க இரண்டு பேர்தான் இருப்பார்கள், ஆனால் செட்டர் ஏற்கனவே நெட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓடிவர வேண்டியதில்லை, பாஸ் கொஞ்சம் தவறினாலும் பிழைத்துக்கொள்ளலாம். 6-2இல் செட்டர் பின்வரிசையிலிருந்து ஓடி வர வேண்டும். மூன்று பேர் அடிக்கலாம் என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும், பாஸ் சராசரி 2ஐ நெருங்காமல் அந்த மூன்றாவது ஆளுக்குப் பந்தே போகாது. 5-1 ஒரு செட்டரை நம்பிய முறை, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அணிக்கே காய்ச்சல். சர்வீஸ் எடுக்க ஐந்து பேர் டபிள்யூ வடிவில் நிற்பதில் தொடங்கி, யார் நன்றாக எடுக்கிறார்கள் என்று நோட்டில் தெரிந்த பிறகு நான்கு, மூன்று என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்தால் நடுவில் விழும் பந்தும் குறையும், குழப்பத்துக்கு ஆள் இருக்காது.

நடுவில் வரும் பந்துக்கு முன்கூட்டியே ஒரு விதி வையுங்கள். எடுக்கிறவள் பந்து நெட்டைத் தாண்டும் முன்பே "எனக்கு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவள் "நீ" என்று சொல்ல வேண்டும், இரண்டு பேரும் வாயைத் திறந்தால்தான் பயிற்சியில் பாயிண்ட். சத்தம் வராத பாஸ் 3ஆக இருந்தாலும் கணக்கில் வராது. இந்த வயதில் நிறையப் பெண்கள் கோர்ட்டில் குரல் எழுப்பக் கூச்சப்படுவார்கள். அது அவர்கள் இயல்பு என்று விட்டுவிட வேண்டாம், அதையும் சர்வீஸ் போலக் கற்றுக்கொடுக்கலாம்.

உயரமான பெண் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அவளைப் பின்வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். பெண்கள் வேகமாக வளர்வது பொதுவாக 11, 12 வயதில். மாதவிடாய் தொடங்கிய பிறகு பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். இன்று 13 வயதில் எல்லோரையும்விட உயரமாக இருப்பவள் 16 வயதில் நடுத்தர உயரத்தில் நிற்கலாம், இன்று குட்டையாக இருப்பவள் அவளைத் தாண்டலாம். அப்போது அவளுக்குச் சர்வீஸ் எடுக்கத் தெரியாது, பின்வரிசையில் நிற்கத் தெரியாது, நடு பிளாக்கராகவும் உயரம் போதாது. மூன்று ஆண்டு உழைத்தவளுக்கு ஆட இடம் இருக்காது. 15 வயதுவரை எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடட்டும், எல்லோரும் சர்வீஸ் எடுக்கட்டும். சில மேட்ச் தோற்கலாம். தோற்றுக்கொள்ளுங்கள்.

முழங்கால்_பிசியோ
வார்ம்-அப் 15 நிமிடம் என்று அக்கா எழுதியிருந்தார், அதில் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன். இதை மட்டும் யாரும் தள்ளிவைக்க வேண்டாம்.

குதித்து இறங்கும் விளையாட்டுகளில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பருவ வயதுக்குப் பிறகுதான் இந்த வித்தியாசம் பெரிதாகிறது, அதாவது சரியாக உங்கள் அணியின் வயதில். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் முன்னால் இருந்து எடுத்தால் தெளிவாகத் தெரியும். இரண்டு காலிலும் இறங்க வேண்டும், முழங்கால் பாதத்துக்கு நேரே இருக்க வேண்டும், இடுப்பும் முழங்காலும் மடங்கிச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். கோர்ட்டைச் சுற்றி ஓடும் வார்ம்-அப்பை விட்டுவிட்டு குதித்து இறங்குதல், ஒற்றைக் காலில் நிற்றல், பக்கவாட்டு நகர்வு, ஸ்குவாட், பிளாங்க், தொடையின் பின்தசைக்கான பயிற்சி என்று வையுங்கள். ஆண்டு முழுக்க, ஒவ்வொரு பயிற்சியிலும். இப்படிச் செய்தால் முழங்கால் காயம் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

வாலிபாலில் அதிகம் வரும் திடீர்க் காயம் கணுக்கால் சுளுக்கு. அது பெரும்பாலும் நெட்டுக்குக் கீழே, அடித்தவளோ பிளாக் போட்டவளோ இன்னொருத்தியின் பாதத்தின் மேல் இறங்கும்போது. நடுக்கோட்டின் மேல் பாதத்தின் ஒரு பகுதி இருந்தால் சர்வதேச விதிப்படி தவறில்லைதான், ஆனால் பயிற்சியில் கோட்டைத் தொட்டாலே ராலி முடிந்தது என்று வைத்துவிடுங்கள். ஒருமுறை சுளுக்கியவளுக்குத் திரும்பச் சுளுக்க வாய்ப்பு அதிகம். அவளுக்கு பிரேஸ் போட்டு, ஒற்றைக் கால் சமநிலைப் பயிற்சியும் கொடுங்கள்.

இன்னொன்று, கோச் ஆணாக இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டியது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ரெட்-எஸ் என்ற நிலையைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. உடல் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும், எலும்பு பலவீனமாகும், அடிக்கடி காய்ச்சல், எப்போதும் சோர்வு, எலும்பில் விரிசல். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் "நிறைய விளையாடுகிறாள், அதனால்தான்" என்று விடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சோர்வுக்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஒரு_அம்மா
நான் கோச் இல்லை, வாலிபால் ஆடும் பெண்ணின் அம்மா. மேலே இருப்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் பெண்ணிடம் அவளுடைய கோச் எல்லோர் முன்னிலையிலும் எடையைக் குறைத்தால் இன்னும் உயரமாகக் குதிப்பாய் என்று சொன்னார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை ஏதாவது காரணம் சொல்லித் தவிர்க்க ஆரம்பித்தாள். கண்டுபிடிக்க எனக்குப் பல வாரம் ஆனது. அவர் கெட்டவர் இல்லை, விளையாட்டு மேல் உண்மையான பிரியம் உள்ளவர். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கோச்களே, எங்கள் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். 14 பேரில் 6 பேர்தான் ஆட முடியும், தெரியும். மீதி 8 பேருக்கு என்ன சொல்வீர்கள்? என் பெண் மேட்ச் முழுக்க பெஞ்சில் இருந்துவிட்டு வரும் நாளில் காரில் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

செட்டர்_அக்கா
அம்மா, எடை பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பயிற்சி இடத்தில் எடை பார்க்கும் மெஷினே இருக்கக் கூடாது. குதிப்பு வேண்டுமென்றால் காலுக்கு வலு ஏற்றிக் குதிப்பை வளர்க்கலாம். அளக்க வேண்டுமென்றால் குதித்துத் தொட்ட உயரத்தை அளக்கலாம், அது அவளுடைய வளர்ச்சியை அவளுக்கே காட்டும்.

பெஞ்ச் விஷயத்தில் பிள்ளையைக் கொல்வது காரணம் தெரியாமல் இருப்பதுதான். சீசன் தொடக்கத்திலேயே ஒவ்வொருத்தியிடமும் தனியாக, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நின்று, மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும்: இப்போது உன் இடம் என்ன, உள்ளே வர எது தேவை, அதை எப்போது மறுபடி பார்ப்போம். "உன் பாஸ் சராசரி 1.4, 1.8க்கு வந்தால் பின்வரிசைக்கு உன்னை இறக்குவேன்" என்று சொன்னால் அவளுக்கு ஏற ஒரு படி தெரியும். நோட்டில் குறிப்பது இதற்கும்தான். சர்வீஸ் நன்றாகப் போடும் பெஞ்ச் பெண்ணைச் சர்வீஸுக்கு மட்டும் இறக்கலாம், பள்ளி அளவில் அவள் ஒருத்தியே தொடர்ந்து நாலைந்து பாயிண்ட் எடுத்துத் தந்துவிடுவாள்.

புது கோச்சுக்கு இன்னொரு வார்த்தை. பூட்டிய அறையில் தனியாக ஒரு பிள்ளையோடு பேசக் கூடாது, கைப்பேசியில் தனிச் செய்தி வேண்டாம், எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில் போகட்டும். முடிந்தால் ஒரு பெண் ஆசிரியையோ பழைய ஆட்டக்காரியோ பயிற்சி நேரத்தில் கூட இருக்கட்டும், பிள்ளைகள் சில விஷயங்களை அவரிடம்தான் சொல்வார்கள். பெண்கள் அணிக்குப் பெண்தான் கோச்சாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரேசிலின் ஜோசே ராபர்ட்டோ கிமரயன்ஸ் 1992இல் ஆண்கள் அணியோடு ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு 2008, 2012 இரண்டிலும் பெண்கள் அணியோடு வாங்கினார். அதே சமயம் 1984இல் ஆட்டக்காரியாகத் தங்கம் வாங்கிய சீனாவின் லாங் பிங் 2016இல் கோச்சாகவும் வாங்கினார். தம் அணிப் பெண்கள் வளர்ந்து கோச்சாக வர வேண்டும் என்று நினைக்கும் கோச்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும், அவ்வளவுதான்.

புது_கோச்
சில வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த 15 பாயிண்ட் ஆட்டம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நோட்டு பெஞ்ச் பெண்கள் கையில்தான், அவர்களே சண்டை போட்டு மதிப்பெண் போடுகிறார்கள். "எனக்கு" சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. 4-2க்கு மாறியதும் ராலி நீளமாகிறது, போன மேட்ச்சில் ஒரு செட் 25-22 வரை போனது.

புதுச் சிக்கல்: எங்கள் சர்வீஸ். தலைக்கு மேலிருந்து ஃப்ளோட் போடச் சொல்லிக்கொடுத்தேன், சின்னப் பிள்ளைகளுக்கு 9 மீட்டரிலிருந்து நெட்டுக்கு மேலே போகவில்லை. கீழிருந்து போடும் சர்வீஸுக்கே திரும்பிவிடலாமா?

பின்வரிசை
திரும்ப வேண்டாம். 6 மீட்டரில் நின்று போடட்டும், பத்துக்கு ஏழெட்டு போனால் ஒரு அடி பின்னால். பெரும்பாலும் குறை கை வலுவில் இருக்காது, டாஸில்தான் இருக்கும். பந்தைத் தலைக்கு மேல் உயரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு அதைத் தேடி அடிப்பார்கள். அடிக்கும் தோளுக்கு முன்னால், கை எட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் டாஸ் போதும். வலக்கைப் பெண் இடக்காலை முன்வைத்து, உடம்பு எடையை முன்னால் மாற்றி, உள்ளங்கையின் கெட்டியான பகுதியால் பந்தின் நடுவில் அடித்துக் கையை நிறுத்த வேண்டும். மேட்ச்சில் மட்டும், இன்னும் தூரம் வராத பிள்ளை கீழிருந்தே போடட்டும். ஆழமாக 5ஆம் இடத்து மூலைக்கு (எதிரணிப் பின்வரிசையின் இடப்பக்கம்) போகும் அண்டர்ஹேண்ட் சர்வீஸ் இந்த வயதில் எடுக்கச் சுலபமானது இல்லை.

பழைய_ஸ்மாஷர்
எங்கள் காலத்தில் செட் 15க்கு, சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் பாயிண்ட். சர்வீஸ் தவறினால் வாய்ப்புத்தான் போகும். 1990களின் கடைசியில் எல்லா ராலிக்கும் பாயிண்ட் என்று மாறிய பிறகு தவறிய சர்வீஸ் நேராக எதிரணிக் கணக்கில் சேர்கிறது. அதற்காகப் பிள்ளைகளைப் பயந்து போடச் சொல்லக் கூடாது. இரண்டு நேரத்தில் மட்டும் கட்டாயம் உள்ளே போட வேண்டும் என்று சொல்லிவையுங்கள்: நம் அணியில் இதற்கு முன் சர்வீஸ் போட்டவள் தவறவிட்டிருந்தால், எதிரணி டைம் அவுட் எடுத்து வந்தவுடன். மற்ற நேரத்தில் குறி வைத்துப் போடட்டும். இரண்டு பேருக்கு நடுவே, அல்லது புதிதாக உள்ளே வந்தவளுக்கு, அல்லது அவர்களுடைய நல்ல ஸ்மாஷருக்கு. அவள் குனிந்து பாஸ் எடுத்துவிட்டு எழுந்து ஓடி வந்து அடிப்பதற்குள் உங்கள் பிளாக் தயாராகிவிடும்.

புது_கோச்
சார், இது உடனே செய்யக்கூடியது. விசில் சார், ஒரு கடைசிச் சந்தேகம். சர்வீஸுக்கு மட்டும் ஒரு பெண்ணை இறக்கினால், அவள் சர்வீஸ் முடிந்ததும் பழைய பெண் உள்ளே வரலாம்தானே? அதே செட்டில் மறுபடி ஒருமுறை செய்ய முடியுமா?

விசில்
சர்வதேச விதிப்படி ஒரு செட்டில் 6 சப்ஸ்டிட்யூஷன். ஆரம்ப ஆறில் இருந்தவள் வெளியே போனால் ஒருமுறை திரும்பி வரலாம், யார் அவளுக்குப் பதிலாக வந்தாளோ அவளுடைய இடத்துக்கே. இறக்கியது ஒன்று, திரும்பியது ஒன்று, ஆக இரண்டு செலவு. அந்த ஜோடிக்கு அந்த செட்டில் அவ்வளவுதான், மறுபடி முடியாது. வேறு ஜோடியோடு செய்யலாம், 6 தீரும்வரை. பள்ளிப் போட்டிகளில் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் இடங்களும் உண்டு, ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டும் முன்பே நடுவரிடம் கேட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், நடுவர் விசில் ஊதிய 8 நொடிக்குள் அவள் பந்தை அடித்துவிட வேண்டும். பெஞ்சிலிருந்து வரும் பிள்ளைகள் பதற்றத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள், பயிற்சியிலேயே விசில் ஊதிப் பழக்குங்கள்.